பதினான்காம் விதி

பதினான்காம் விதியை எழுதியவன் நான்தான்.
லுசாக்காவில், மின்விசிறி நின்றுபோன ஓர் அறையில்,
மூன்றே வரி:
சம்பளப் பாக்கி இல்லையென்று
ஆட்டக்காரர் ஒவ்வொருவரும்
கையெழுத்திட்டால்தான்
அடுத்த பருவத்துக்கு உரிமம்.

லீக் தலைவர் கைதட்டினார்.
எனக்கு என் பழைய முழங்கால் வலித்தது.
இடதுபுறத் தடுப்பாட்டக்காரன், பதினோரு மாதப் பாக்கி.
என் கிளப் கலைந்தபோது கணக்குத் தீர்த்தது
இரண்டு மூட்டை மக்காச்சோள மாவில்.

இன்று கசெலோ.
சுரங்கம் மூடி ஆறு வருடம்.
கசடு மலைக்குப் பின்னால் மைதானம்,
கம்பத்துக்குப் பத்து விளக்கு, எரிவது மூன்று.
கார்னர் கொடியருகே ஒளிமானியைப் பிடித்தேன்.
நூற்றுப் பத்து லக்ஸ். கேட்பது எண்ணூறு.
செயலாளர், திருமதி கசூபா,
"வெளிச்சம் கிடக்கட்டும், கோப்பைப் பாருங்கள்" என்றாள்.

இருபத்தாறு கையெழுத்து.
ஒரே நீலம். ஒரே தேதி.
ஒன்றுகூடக் கோணவில்லை.

கோல்கீப்பரைத் தனியே கூப்பிட்டேன்.
சில்வெஸ்டர் புவெம்ப்யா, முப்பத்து நாலு வயது,
கையுறைக் கட்டைவிரலில் சைக்கிள் ட்யூப் ஒட்டு.
சம்பளம் வந்ததா?
வந்தது என்றான்,
பெனால்டி அடிக்க வருகிறவனைப் பார்ப்பதுபோல
என் இடுப்பைப் பார்த்துக்கொண்டு.
எந்த மாதம் வரை?
உங்கள் தாளில் எந்த மாதம் போட்டிருக்கிறதோ
அந்த மாதம் வரை.

பிறகு அவனே கேட்டான்:
வரவில்லை என்றால் என்ன ஆகும், ஐயா?
உரிமம் ரத்து.
ரத்தானால்?
கிளப் இருக்காது.
கிளப் இல்லாவிட்டால்
பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது?

மின்விசிறி நின்ற அன்று
இதை யாரும் கேட்கவில்லை.
பதினெட்டுக் கிளப் முதலாளிகளும் இருந்தார்கள்.
பாக்கி வைத்தவர்களே கைதூக்கி
ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெளியே பயிற்சி தொடங்கிவிட்டது.
விளக்கில்லாத பக்கம் பந்து போனால்
சத்தத்தை வைத்தே ஓடுகிறார்கள்.

பேனாவைத் திறந்தேன்.
ஒன்பதாம் விதிக்கு நேரே: நூற்றுப் பத்து.
அது பொய் சொல்லாத கருவி.
பதினான்குக்கு நேரே இரண்டு கட்டம்,
ஆம், இல்லை.
அதுவும் நான் வரைந்ததுதான்.

திருமதி கசூபா தேநீர் வைத்தாள்.
ஒரு வாய் குடித்து நிமிர்ந்தேன்.
"சர்க்கரை இல்லை" என்றாள்.
"கடையிலும் பாக்கி.
அவன் எங்களிடம் கையெழுத்து கேட்பதில்லை."