தட்டச்சில் இல்லாத எழுத்து

ஐம்பதாம் வருடம், ஆகஸ்ட் கடைசி.
சர்க்கரை ஆலையின் மாடியில்
அவன் ஒப்பந்தத்தை அடித்தவள் நான்.
எவால்ட் ஓக்கெர்லிண்ட். முன்கள ஆட்டக்காரர். வயது இருபத்தாறு.
முந்தைய தொழில்: மரம் அறுக்கும் ஆலையில் கூலி.

பெயரின் முதலெழுத்துத் தலையில்
ஒரு சின்ன வளையம் வேண்டுமாம்.
எங்கள் தட்டச்சுப் பொறி இத்தாலியில் பிறந்தது,
அதனிடம் வளையம் ஏது?
அது போனால் ஓகாரம் அகரமாகிவிடும் என்று
உதட்டைக் குவித்துக் காட்டினான்.
முதலாளி பிராகதேயி சிரித்தார்:
"முதலில் கோல் போடட்டும், பெயர் தானாக வரும்."
வந்தது.
எட்டாயிரம் தொண்டைகளில்
அக்கெர்லிண்ட், அக்கெர்லிண்ட் என்று.

அதே மாதம் அவன் நாட்டிலிருந்து ஒரு கடிதம்:
காசு வாங்கி ஆடுகிறவனுக்கு
மஞ்சள் சட்டை இனி இல்லை.
வாசித்து, மடித்து, கோப்பில் வைக்கச் சொன்னான்.
எந்தக் கோப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
'வரவு' என்று எழுதியிருந்ததில் வைத்தேன்.

முதல் வருடம் பத்தொன்பது கோல்.
கோலுக்கு இத்தனை லீரா என்று பேச்சு;
கையில் பணமில்லாத மாதங்களில்
முதலாளி சர்க்கரையாகக் கொடுத்தார்.
மூட்டையை ஒரே வீச்சில் தோளேற்றி
படியிறங்கிப் போவான்,
பலகை சுமந்து காய்த்த தோள்.
வீட்டுக்காரி செல்மீரா சொல்வாள்,
வாடகையை அவன் கிண்ணத்தில் அளந்து தருகிறான் என்று.

பனியில் வளர்ந்தவன்தான்.
மூடுபனி அவனுக்குப் புதிது.
போ நதியிலிருந்து அது எழுந்து வந்தால்
இரண்டு கோல்கம்பங்களும் வேறு வேறு ஊரில் நிற்கும்.
ஐம்பத்திரண்டு டிசம்பரில் அப்படி ஒரு ஞாயிறு.
நான் வலைக்குப் பின்னால் முப்பதடியில் இருந்தேன்,
எதையும் பார்க்கவில்லை.
ஈரப் போர்வையை உதறுவதுபோல்
வலை ஒருமுறை உதறியது.
பிறகு, உள்ளே எங்கோ,
ஒரு ஆள் தனியாகச் சிரிக்கும் சத்தம்.

எண்பத்தோராம் நிமிடம் நடுவர் விசில் ஊதினார்.
ஆட்டம் செல்லாது. கோல் செல்லாது. சர்க்கரையும் இல்லை.
'பார்வைக் குறைவால் நிறுத்தப்பட்டது'
என்று நானே அடித்தேன், இரண்டு நகல்.

முழங்கால் போனது ஐம்பத்தைந்தில்.
கடற்கரை ஊர் மூன்றாம் பிரிவு அணியொன்று
ஒரு கோல்கீப்பரையும் பழைய லாரியையும் கொடுத்து
அவனை வாங்கிக்கொண்டது.
லாரி இன்னும் ஓடுகிறது.

ஐம்பத்தெட்டில் அவன் நாடு மனம் மாறியது.
வெளிநாட்டில் ஆடுகிறவர்களும் வரலாம்.
யார் யாருக்கோ கடிதம் போயிற்று.
எங்கள் முகவரிக்கு எதுவும் வரவில்லை,
வந்திருந்தால் நான்தான் பிரித்திருப்பேன்.
இறுதி ஆட்டத்தன்று பேருந்து பிடித்து வந்தான்,
அலுவலக வானொலி தெளிவாகக் கேட்கும் என்று.
முதல் கோல் அவர்களுடையது.
எழுந்து நின்றான், முழங்காலைப் பிடித்துக்கொண்டே.
அதன்பின் பிரேசில்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவதில் போய் சன்னலைத் திறந்தான்.
பீட்ரூட் கழிவின் நாற்றம் அறைக்குள் வந்தது.
"மழையாம் அங்கே," என்றான்,
அவ்வளவுதான்.

அறுபத்தொன்றில் அவன் ஊரிலிருந்து ஒரு உறை.
ஏதோ ஓய்வூதியத்துக்குச் சான்று வேண்டுமாம்:
எத்தனை வருடம், எத்தனை ஆட்டம், எத்தனை கோல்.
கீழே கையெழுத்து.
வளையத்தைத் தேடினேன். இல்லை.
பதினோரு வருடம் நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு
அவனே விட்டுவிட்டானா,
இல்லை அவசரமா, குளிரா,
ஒரு கடிதத்தை வைத்து எதைச் சொல்வது?

பேரேட்டைக் கூட்டினேன்: எழுபத்தொன்று.
மறுபடி கூட்டினேன். அதேதான்.
எழுபத்திரண்டு என்று அடித்தேன்.
பிறகு பேனாவில் மை தொட்டு
அகரத்தின் மேல் வளையம் வரைந்தேன்.
கை கொஞ்சம் நடுங்கி
அது முட்டைபோல் வந்தது.
முத்திரை குத்த முதலாளியிடம் கொண்டுபோனேன்.
அவர் வாசிக்கவே இல்லை.