பேரஸ்த்

ஹெல்டெர்மாவிலிருந்து இன்று படகில்லை. காற்று.
தீவின் வார இதழுக்கு நாளை அச்சு.
எட்டாம் பக்கம் என் மேசையில்:
விறகு விற்பனை, காணாமல்போன செம்மறி, மரண அறிவிப்புகள்.

இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறேன்.
எங்கள் மொழியில் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்,
பெயருக்குப் பின்னால் பதுங்கி நிற்பவை.
அடுப்புக்குப் பின் தகா என்று வந்தால்
பூனை அங்கே தூங்குகிறது.
தஹா என்றால், இப்போதுதான் போய் ஒளிகிறது.
தகந்த்: மீன் வாசனை எட்டிவிட்டது,
வெளியே வருகிறது.

பக்கத்தில் என்று சொல்ல 'காதில்' என்போம்.
அருகே என்பதற்கு 'வேரில்'.
வளைகுடாவுக்கு அப்பால் ஃபின்காரர்களுக்குப்
'பிறகு' என்பதே ஒரு சுவடு:
போருக்குப் பிறகு என்றால்
போரின் காலடித் தடத்துக்குள்.

எங்களுடைய 'பிறகு' பேரஸ்த்.
அதற்கு மட்டும் இரண்டு வாசல்.
பெயருக்கு முன்னால் நின்றால், பிறகு.
பின்னால் போய் நின்றால், காரணம்.

கால்யோ ரன்னமெட்ஸ் அனுப்பிய வரி,
மனைவி சல்மேக்கு, ஐந்தே சொல்:
ஸினு பேரஸ்த் ஒன் மாயா வைக்னே.
உன்னால் வீடு அமைதியாக இருக்கிறது.

சிவப்புப் பேனா தானாக எழுந்தது.
பாவம், கைதவறி இடம் மாற்றிவிட்டார்,
'உனக்குப் பிறகு' என்றுதானே இருக்க வேண்டும்.
பிறகு நின்றேன்.
சொல் இடம் மாறினால் 'நீ'யின் வேற்றுமையும் மாறும்,
ஸிந்த் ஸினு ஆக வேண்டும்.
ஆகியிருந்தது.
துக்கத்தில் தடுமாறும் கை
இவ்வளவு சுத்தமாகத் தடுமாறாது.

தொலைபேசியில் அழைத்தேன்.
"வரியில் ஒரு சந்தேகம். பேரஸ்த் முன்னாலா, பின்னாலா?"
அந்தப் பக்கம் குழாய் சொட்டும் சத்தம்.
"மாற்றினால் காசு கூடுமா?"
"இல்லை. ஐந்து சொல்தான்."
"அப்படியானால் எழுதியபடியே இருக்கட்டும்."

வைத்துவிட்டார்.

சல்மேயை எனக்குத் தெரியாது.
கத்துகிறவளா, கதவை அறைகிறவளா,
இல்லை, கடைசி மாதங்களில்
ஒரு கரண்டி விழும் சத்தம்கூடத் தாங்காமல் படுத்திருந்தவளா.
ஏனென்றால் பின்னால் நிற்கும் பேரஸ்த்
'உன்னால்' மட்டுமில்லை,
'உனக்காக'வும்தான்.
அதைப் பிரித்துக் காட்ட
எங்களிடம் வேறு விகுதி இல்லை.

பேனாவை மூடினேன்.
ஓரத்தில், சரி என்று குறியிட்டேன்.