திரும்பிப் போனவன்

துவாஸில் துண்டு காய்வதில்லை.
கடல் ஒருபக்கம், கப்பல் பட்டறை ஒருபக்கம்,
நடுவில் எங்கள் டார்மிட்டரி.
அறைக்குப் பன்னிரண்டு பேர்,
பன்னிரண்டு துண்டும் பன்னிரண்டு விதமாய் நாறும்.
இங்கேதான் வேதமாணிக்கம்
கர்த்தரிடம் அடையாளம் கேட்டான்.

மூன்று மாதச் சம்பளம் வரவில்லை.
கேட்கப் போகிறவன் பெர்மிட் ரத்தாகும் என்று
சூப்பர்வைசர் லாரியில் வைத்தே சொல்லிவிட்டார்.
"வேதம் படிக்கிறவன், நீ முன்னால் நில்" என்றோம்.
விழித்தான்.
கம்பி கட்டும்போதுகூடப்
பின்வரிசையில் குனிந்து நிற்கிறவன்.
சொந்தக் கோதுமையை ஆலையோரம்
ஒளிந்து போரடித்த கிதியோனை
ஞாயிறு இரவுகளில் எங்களுக்கு வாசிக்கையில்
அந்த இடத்தில் மட்டும் அவன் குரல்
சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் தாழும்.

அன்றிரவு ஜன்னல் கம்பியில் துண்டை விரித்தான்.
விடிந்தால் துண்டும் ஈரம், கம்பியும் ஈரம்,
தரை ஈரம், மூட்டைப்பூச்சி மருந்தடித்த மெத்தையும் ஈரம்.
மறுநாளும் அப்படியே.
"இந்த ஊரில் அவர் இப்படிப் பேசமாட்டார்போல" என்று
துண்டைப் பிழிந்து
அதிலேயே முகம் துடைத்து
"போகலாம்" என்றான்.

இருட்டோடு கேட்டுக்குப் பக்கத்தில்
முப்பத்திரண்டு பேர் நின்றோம்.
"பயமிருக்கிறவர்கள் போய்ப் படுங்கள்.
யாரையும் குறை சொல்லமாட்டேன்."
அதட்டியிருக்கலாம்.

நான் திரும்பினேன்.
ஏஜெண்டுக்கு வட்டி, தங்கைக்குக் குறித்த நாள் என்று
காரணங்களை எண்ணிக்கொண்டே படியேறினேன்.
மூன்றாம் மாடியில் தீர்ந்துவிட்டன.
அறை ஆறாம் மாடியில்.

போனவர்கள் ஒன்பது பேர்.
எக்காளம் இல்லை, தீவட்டி இல்லை,
அமைச்சில் எண்ணெடுத்து
மதியம்வரை உட்கார்ந்திருந்தார்களாம்.
வழக்குக் கேட்டவள் ஒரு பெண்.
பக்கத்துத் தொட்டியில் பிளாஸ்டிக் பேரீச்சை.
"தெபோராள்" என்று இவன் முணுமுணுக்க
"இல்லை, நூர்ஹயாத்தி" என்று
சட்டையில் குத்திய அட்டையைக் காட்டினாளாம்.

சம்பளம் வந்தது.
முப்பத்திரண்டு பேருக்கும்.

இனி எல்லாவற்றுக்கும் நீதான் என்றார்கள்.
தேக்காவில் மோதிரம் வாங்க வசூல்.
ஆளுக்கு முப்பது வெள்ளி,
நான் ஐம்பது கொடுத்தேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
"தலைவன் நானில்லை, மேலே இருக்கிறவர்" என்றான்
மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே.
இரண்டாம் தடவை விரலை நீட்டினான்.

கிதியோனும் ஆளமாட்டேன் என்றுவிட்டு
அதே மூச்சில் பொன்னைக் கேட்டு வாங்கினான்,
கொஞ்சம் தள்ளி அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது.
அந்த ஞாயிறு அவன் அதை வாசிக்கவில்லை.
எனக்குத் தெரியும். முன்பே புரட்டியிருந்தேன்,
பயந்து வீடு திரும்பியவர்கள்
பிறகு என்ன ஆனார்கள் என்று தேடி.
இருபத்திரண்டாயிரம் பேர்.
தொகை மட்டும் எழுதியிருக்கிறது.

மேல்கட்டிலிலிருந்து
தூக்கத்தில் தொங்குகிறது அவன் கை,
என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.
மோதிரம் கொஞ்சம் லூசு.
விழுந்துவிடுமோ என்று
பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.