இருபது விநாடி

ஹார்லிங்கன் துறைமுகத்தில் முப்பது வருடம்
என் மூக்குக்குத்தான் சம்பளம்.
மீன்தூள் ஆலை, பன்றிப் பண்ணை, கழிவுநீர்த் தொட்டி,
எது எத்தனை மீட்டர் தள்ளி நாறுகிறதென்று
மாகாண அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பவன்.
தாங்கலாம், தாங்க முடியாது:
இரண்டே கட்டம் என் படிவத்தில்.

வீட்டிலும் அதே படிவம்.
மகள் கோட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன்
யாரோடு இருந்தாள், என்ன குடித்தாள்.
மூக்கை நுழைப்பதையே உத்தியோகமாக்கியவனுக்கு
நிறுத்தும் இடம் எப்படித் தெரியும்?

பிப்ரவரியில் ஒரு காய்ச்சல்.
எழுந்தபோது
சோப்பு வெறும் வழவழப்பு,
ரொட்டி வெறும் சூடு,
கடல் வெறும் சத்தம்.

டாக்டர் ஹுக்ஸ்ட்ரா நான்கு குப்பி கொடுத்தார்.
கிராம்பு. எலுமிச்சை. ரோஜா. யூகலிப்டஸ்.
காலையும் மாலையும், ஒவ்வொன்றும் இருபது விநாடி.
"மூக்கு வெறும் வாசல், ஸ்யூர்ட்.
பாடம் படிக்க வேண்டியது உள்ளே இருக்கிற மூளை."
எத்தனை நாள் என்றேன்.
சன்னலைக் காட்டினார். கரைக்கு அப்பால் கடல்.
கரைக்கு இப்பால், கடலுக்கு ஓர் ஆள் தாழ,
ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.
"தண்ணீர் இறைக்கும் யந்திரத்தை
எத்தனை நாள் ஓட்டுவதென்று
இங்கே யாராவது கேட்கிறார்களா?"

இருபது விநாடி
ஒன்றுமில்லாததை முகர்ந்து பாருங்கள்.
முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.
மூன்றாம் வாரம், மேலுதட்டில் குப்பி விளிம்பின் குளிர்.
ஆறாம் வாரம்
உள்ளே போன மூச்சு திரும்புகிற இடத்தில்
சின்னதாக ஒரு வளைவு.
ஐம்பத்தெட்டு வருடம் அந்த வழியாகத்தான்
போய் வந்திருக்கிறது.
நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் காது
தரிசாகக் கிடந்த மூக்கின் நிலத்துக்குள்
வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டது.
குளிர்ப்பெட்டி ஓய்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விடும்.
தொலைபேசியில் யில்டௌ "நல்லா இருக்கேன்" என்பதற்கு முன்
ஒரு நூல் இடைவெளி.

மே மாதம் கிராம்பு வந்தது,
இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு கதகதப்பாக.
சத்தியம் செய்யமாட்டேன், கற்பனையாகவும் இருக்கலாம்.
மறுநாள் இல்லை.
நான்காம் நாள் இருந்தது.

பிறகு எல்லாம் தப்புத் தப்பாக.
காபி, எரிந்த டயர்.
வெங்காயம், ஈரச் சாக்பீஸ்.
ரோஜா, சொல்லவே கூச்சம், செத்த நண்டு.
உள்ளே யாரோ
விலாசம் அழிந்த கடிதங்களோடு
கதவு கதவாகத் தட்டிப் பார்க்கிறார்கள்.
தட்டட்டும் என்றிருந்தேன்.
வேறென்ன செய்ய?

நவம்பரில் யில்டௌ வந்தாள்.
கோட்டைக் கழற்றினாள்.
முதலில் மழை. நனைந்த கம்பளியின் முடை.
அதற்குக் கீழே சிகரெட் நெடி.
முன்பென்றால் அங்கேயே நின்றிருப்பேன், தீர்ப்போடு.
பழக்கதோஷம்,
இருபது விநாடி நின்றேன்.
நெடிக்கும் கீழே, மெல்லிசாக,
மருத்துவமனைச் சோப்பு.
அதற்கும் கீழே
பேர் தெரியாத ஏதோ ஒன்று,
கொஞ்சம் பால், கொஞ்சம் இரும்பு.
என் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.
அதற்கும் ஒரு வளைவு இருக்கிறது போலும்,
திரும்பிப் போயிற்று.

அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன்.
எனக்கு இன்னும் அது டயர்தான்.
கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.
வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.
"ஒண்ணும் கேட்கலையே நீ" என்றாள்.
"கிராம்பு ஒன்று போடட்டுமா?" என்றேன்.

நான் குப்பியைத் திருகித் திறப்பதற்குள்
சொல்ல ஆரம்பித்திருந்தாள்,
நடுவிலிருந்து.