மிகாமல்

காலை ஆறே காலுக்கு
குளத்துமேட்டுத் தெருக்குழாயில்
உப்புமானியை நனைத்தேன்: முந்நூற்றுப் பத்து.
நல்ல தண்ணீர்தான்.
ஐந்து நாளுக்கு ஒரு தரம் வருவதை
நல்ல தண்ணீர் என்று எழுதலாமா
எனப் படிவம் கேட்கவில்லை.

ஆறாவது குடத்தோடு குழாய் இருமி நின்றது.
"நீங்கதான் தண்ணி விடுறவங்களா?"
இல்லம்மா, விடுறவங்களைச் சோதிக்கிறவங்க.
"சோதிச்சிட்டு?"
என்றாள் தேசம்மா,
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

எல்லைக்கல்லுக்கு இருநூறடி முன்னால்
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.
கல்லுக்கு இந்தப் பக்கம் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை,
அந்தப் பக்கம் தெலுங்கில் ஒரு மதுக்கடைப் பலகை.
ஓடைக்கு இரண்டையும் வாசிக்கத் தெரியாது.

முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்
எங்கள் சோதனைக்கு. சுற்றறிக்கை இருக்கிறது.
ஆகவே சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு,
ஒப்பந்தக்காரர் மேஜையில் சீவிய இளநீர்,
பதினெட்டு மாதமாக ஓடாத காற்றூதி
மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதுபோல் இரைந்துகொண்டிருந்தது.

ஆபரேட்டர் முனிகிருஷ்ணய்யா
கல்லுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்.
கடைசித் தொட்டியில் வாளியை இறக்கி
குவளையில் ஊற்றி வெயிலுக்குப் பிடித்தார்.
"சூடண்டி மேடம், அத்தம்லா உந்தி."
கண்ணாடிதான். என் மூக்குத்தி தெரிந்தது.

உள்ளே வரும் தொட்டி: ஆயிரத்து நூற்று நாற்பது.
வெளியே போகும் தொட்டி: முந்நூற்றுப் பத்து.

ஊர் குளித்த உப்பு, உலை வடித்த உப்பு,
ஒண்ணுக்குப் போன உப்பு, சவர்க்காரத்து உப்பு.
அழுக்கை நுண்ணுயிர் தின்னும்.
உப்பை இங்கே எதுவும் தின்னாது.
பின் எங்கே போயிற்று
எண்ணூற்று முப்பது?

சுவரோரம் ஈர மண்ணில்
லாரிச் சக்கரத் தடம்.
தேசம்மாவின் ஏழாவது குடம்,
எட்டாவது, பத்தாவது,
அந்தத் தெருவின் அத்தனை வராத குடங்களும்
கழிவுநீர் வேடம் கட்டிக்கொண்டு
தொட்டியில் அசையாமல் நின்றன.

படிவத்தைப் பிரித்தேன்.
முப்பதுக்கு மிகாமல். நூறுக்கு மிகாமல்.
இரண்டாயிரத்து நூறுக்கு மிகாமல்.
எங்கள் விதிகளுக்குத் தெரிந்த ஒரே சொல்.
இத்தனை சுத்தமாக இருப்பது களவு என்று எழுத
கட்டம் இல்லை.
"எல்லாம் அளவுக்குள்ளதானே மேடம்?
மார்ச்சுல ஒப்பந்தம் புதுப்பிக்கணும்."
இளநீரைக் குடிக்கவில்லை.
அதற்குமேல் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

குறிப்பு என்ற இடம் இரண்டு விரல் அகலம்.
உப்பின் மூன்று எண்களை,
தெருக்குழாயுடையதையும் சேர்த்து,
பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.
விளக்கம் எழுதவில்லை.
மேலதிகாரி கணக்குத் தெரிந்தவர்.
தெரியாதவர்போல இருக்கவும் தெரிந்தவர்.

ஐஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்றுகையில்
முனிகிருஷ்ணய்யா என்னைப் பார்க்காமல்
கயிற்றின் முடிச்சைப் பார்த்துச் சொன்னார்:
"ராத்ரி ரெண்டு கண்டலக்கி ரண்டி."
எனக்குப் புரியவில்லையோ என்று
தமிழில் வேறொன்று சொன்னார்:
"எங்க ஊர் ஆடுங்க அந்த ஓடையிலதான் குடிக்குது."

சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுதுவோம்.
ஐஸ் தண்ணீரில் மை கரைந்துவிடும்.
மூன்று குப்பிகளுக்கு எழுதி ஒட்டினேன்.
நான்காவது காலி.
அதற்கும் எழுதினேன்:
நிலையத்தின் பெயர், வெளியேறும் வாய்,
நாளைய தேதி.
நேரம் என்ற கோட்டின்மேல்
பென்சிலை வைத்தபடியே
டிரைவரைக் கேட்டேன்,
டீசல் இருக்கா.