நானூறு அடி சமதளம்

மலையில் யாருக்குச் சைக்கிள் என்று
கொடுத்த அன்றே சிரித்தார்கள்.
மகளுக்கு ஸ்கூலில் வந்த இலவச சைக்கிள்.
அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதும்
பழைய சுடிதார்கள் வருவதுபோல
அதுவும் எனக்கு வந்தது.

வீட்டிலிருந்து அங்கன்வாடி இரண்டரைக் கிலோமீட்டர்.
இறக்கத்தில் செயின் வேண்டாம்,
பிரேக்கும் சாமியும் போதும்.
ஏற்றத்திலும் வேண்டாம்,
சைக்கிளைத் தள்ளுவது நான்.
நடுவில், மூடிய தேயிலை ஃபேக்டரியின் மதில் ஓரம்
நானூறு அடி சமதளம்.
அங்கே மட்டும் மிதிப்பேன்.
அங்கே மட்டும் அது கத்தும்.

ஐப்பசி மழையில் செயின் செம்மண் நிறமாகி
சுற்றுக்கு ஒரு கீச்.
கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து
"டீச்சரம்மா வருது" என்பார்கள்.
நான் டீச்சர் இல்லை, உதவியாளர்.
அதைத் திருத்திச் சொல்ல
நானூறு அடி போதாது.

அரவேணு அல்போன்ஸ் எண்ணெய் விட்டுத் தருவான்.
ரோட்டில் மண் சரிந்து
நாலு நாளாய்ப் பஸ்ஸும் இல்லை, அல்போன்ஸும் இல்லை.
அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

முதலில் பட்டர்ஃப்ரூட் தோல்.
உள்பக்கத்தை வைத்துக் கண்ணி கண்ணியாய்த் தேய்த்தேன்.
போகும்போது பட்டு.
வரும்போது பச்சைச் சட்னி.

தேங்காய்ப்பால் ஆடைக்கு ஒரு ராத்திரிதான் ஆயுசு.
அதைப் பற்றி மேலே சொல்ல வேண்டாம்.

பிறகு, தீபாவளி முறுக்குச் சட்டியின் அடி எண்ணெய்.
மூன்று தரம் காய்ந்து கறுத்தது,
மனுஷர் இனித் தின்ன முடியாதது.
(அங்கன்வாடி எண்ணெயில் ஒரு சொட்டும் தொடவில்லை.
ஸ்டாக் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.)
அது நன்றாகத்தான் ஓடியது.
எள் ஒன்று பல்லில் சிக்கி
டக் டக்கென்றது,
கீச்சுக்கு அது எவ்வளவோ மரியாதை.
எறும்புகள் மட்டும் ஸ்டாண்டில் ஏறி
செயின் வழியே வரிசையாய்ப் போயின.
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தும்
ஒன்றுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
பக்கத்து வீட்டு ரெஜினா பன்றிக்கறி வறுத்தாள்.
சட்டியில் உறைந்த கொழுப்பை வழித்து
"நாய்க்குப் போடுக்கா" என்று தந்தாள்.
நான் நாய்க்குப் போடவில்லை.

இரவு ஒரு மணி இருக்கும்.
வாசலில் யாரோ பெடலைப் பின்பக்கமாய்ச் சுற்றும் சத்தம்.
டிக்டிக்டிக்டிக்.
திருடனென்றால் ஓட்டிக்கொண்டு போக மாட்டானா?
ஜன்னல் துணியை ஒரு விரலால் விலக்கினேன்.
சுவரில் சாய்த்த சைக்கிளுக்கு எதிரே
காலை நீட்டி உட்கார்ந்து
கரடி
செயினை நக்கிக்கொண்டிருந்தது.
அவசரமே இல்லை.
ஒரு கண்ணி முடிந்தால் அடுத்த கண்ணி,
இழுத்து இழுத்து, பின்பக்கமாய்.
அல்போன்ஸ்கூட
இத்தனை கவனமாய்ச் செய்ததில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
கால் மரத்துப்போகும் வரை.

காலையில் ஃபாரஸ்ட் கார்டு போஜன் வந்தார்.
"சேதம்: சைக்கிள் சீட் ஒன்று, கிழிந்தது" என்று எழுதிவிட்டு
என்ன எண்ணெய் போட்டீர்கள் என்றார்.
சொன்னேன்.
பேனாவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
"சமையல் பொருள் என்று போட்டுக்கொள்கிறேன்."

செயின் வெள்ளி அரைஞாண்போல மின்னியது.
கிழிந்த சீட்டில் பிளாஸ்டிக் பை கட்டி
சமதளத்தில் மிதித்தேன்.
சத்தமே இல்லை.
ஒட்டியிருந்த கொழுப்பா, அதன் எச்சிலா, தெரியாது.
கொழுந்து எடுக்கிறவர்கள் ஒருவரும் நிமிரவில்லை.
மதில் முடிகிற இடத்தில்
நானே ஒருமுறை பெல் அடித்தேன்.

இரண்டு நாள் தாங்கியது.

ரோடு திறந்துவிட்டது.
அல்போன்ஸ் கடை டப்பா எண்ணெய் ஒன்று
அலமாரியில் சீல் பிரிக்காமல் இருக்கிறது.
ராத்திரியில் சைக்கிள்
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நிற்கிறது.
லீவுக்கு வந்த மகள்
பையைக்கூட இறக்காமல் மூக்கை உறிஞ்சி
என்னம்மா பலகாரம் என்கிறாள்.