பிடரிக் கண்ணாடி

ஜுஃபைர். கடற்படைத் தளத்துக்குப் பின்வாசல் தெரு.
எங்கள் சலூனில் நான்கு நாற்காலி,
மூன்றுதான் சுற்றும்.
வியாழன் சாயங்காலம் லைலும் கார்வினும்
சேர்ந்தே வருவார்கள், அடுத்தடுத்து உட்கார்வார்கள்.
கழுத்தில் துண்டைக் கட்டியதும்
சண்டை.

ஆளுக்கொரு கட்சி என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஷொஹாக் சிரித்தான்: இல்லை பாய்,
ரெண்டு பேரும் ஒரே கட்சி,
அதனால்தான் இவ்வளவு சத்தம்.
எதிர்க்கட்சிக்காரனுக்கு அவர்கள் ஒதுக்கியது
ஒரே ஒரு கெட்ட வார்த்தை.
பாக்கியெல்லாம் தங்களுக்குள்.

விஷயம் வைத்தியம்.
அவர்கள் ஊரில் ஆஸ்பத்திரிச் செலவை
யார் கட்டுவது என்று ஒரு மசோதா.
லைலுக்கு எல்லாருக்கும் வேண்டும், எல்லாமும் வேண்டும்,
ஒரு வரி குறைந்தாலும் கிழித்துப் போடு.
கார்வின் விரலை மடக்கி எண்ணுவான்.
மூன்று வோட்டு குறைகிறது,
நடுவில் நிற்கிற அந்த மூன்று பேருக்கு
எதையாவது விட்டுக்கொடு. பாதியாவது வரட்டும்.
‘பாதிப் பாலத்தில் நீ நடந்து காட்டு.’
‘பாலமே வேண்டாமென்றால் நீ நீந்திக்கொள்.’
தலையை ஆட்டாதீர்கள் என்பேன் நான்.
எனக்குச் சரளமாக வரும் இங்கிலீஷ் அது.

கத்தி என் கையில் இருக்கும்போது
என் கருத்தை யாரும் கேட்பதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
ஊரில் எங்கள் சாதிக்கே மருத்துவர் என்று பெயர்.
கட்டி கீறியவர்கள். பிள்ளை எடுத்தவர்கள்.
அந்தப் பெயர் இப்போது சர்டிபிகேட்டில் மட்டும் இருக்கிறது.
பர்ஸில் இருக்கிற கம்பெனி அட்டை
காய்ச்சலுக்குச் செல்லும், பல்லுக்குச் செல்லாது.
என் கடைவாயில் ஒன்று
இரண்டு வருடமாக
மசோதாவாகவே இருக்கிறது.

அந்த மாதம் லைலின் பிடரியில்
மயிர் முடிகிற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே
போன வருடம் கடுகாக இருந்த மச்சம்
பட்டாணியாகியிருந்தது.
ஓரம் நேராக இல்லை. நிறம் இரண்டு.
தன் பிடரியைத் தானே பார்த்தவன் கிடையாது.
மற்றவர்கள் பிடரியைப் பார்த்தே
இருபத்திரண்டு வருடம் சோறு தின்றவன் நான்.

வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடி பிடிப்போம்.
யாரும் பார்ப்பதில்லை.
தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.
அன்று கண்ணாடியை நான் இறக்கவில்லை.
தோளை அழுத்தி உட்கார வைத்தேன்,
‘பாருங்க சார்.’
விரல் வைத்துக் காட்டினேன்.
டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

‘கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது,’ என்றான் லைல்
எதிர்க்கண்ணாடியிடம்.
‘புதுசு கையெழுத்தாகும்வரை எனக்கு அட்டை இல்லை.
மசோதா வரட்டும்.’
கார்வின் ஒன்றும் சொல்லவில்லை.
விரலும் மடக்கவில்லை.

மசோதா வரவில்லை.
இரண்டு வோட்டில் விழுந்தது.
ஒன்று நடுவில் நின்றவருடையது.
இன்னொன்று
லைலைப் போலவே முழுசு கேட்டவருடையது.

அதற்கப்புறம் சேர்ந்து வரவில்லை.
லைல் வியாழன்.
கார்வின் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து
ஷட்டர் பாதி ஏறும்போதே.
கொன்றது அவன்தான் என்று
இருவரும் ஒரே கண்ணாடியிடம் முறையிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து லைல் குனிந்தபோது
மச்சம் இருந்த இடத்தில்
ஐந்து தையல், கறுப்பு நூல்.
‘பார்த்து வெட்டு,’ என்றான். அவ்வளவுதான்.
மெஷினை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தேன்,
தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போல
சுற்றி வந்தேன்.

மறுநாள் கார்வின்.
முழுசுக்காரர்களைத் திட்டினான், கட்சியைத் திட்டினான்,
லைலின் பேரைச் சொல்லியே திட்டினான்
வாயோரம் நுரை பூசும்வரை.
நுரைக்குள்ளிருந்து கேட்டான்:
‘தையல் காய்ந்துவிட்டதா?’

தையல் என்று
நான் சொல்லியிருக்கவே இல்லை.

காய்கிறது என்றேன்.
முடித்துத் துடைத்து, கண்ணாடியைப் பின்னால் பிடித்தேன்.
பார்க்காமலே தலையாட்டினான்.